தேன் வாரமும் லாம் வாரமும்

வெள்ளிக்கிழமை பேப்பரோடு வருகிற இணைப்பின் கடைசிப் பக்கம் என்னுடையது. படிக்க ஒரு புத்தகம், சாப்பிட ஓர் இடம், போய்வர ஓர் ஊர், நிம்மதியாக இருக்க ஒரு யோசனை. பதினாலு வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். நன்றாக வாழ்வது எப்படி என்று ஊருக்கே சொல்லித்தருகிறவள் வீட்டில் மூன்று நாள் பாத்திரம் கழுவாமல் கிடக்கும். யாரும் வந்து பார்த்ததில்லை, அதனால் பிழைப்பு ஓடுகிறது.

எழுதுவதுதான் நான். போவதும் தின்பதும் நானும் என் தங்கச்சியும். அவள் பேக்கரியில் கேக்குக்கு மேல் க்ரீமில் பூ வைக்கிற வேலை பார்த்தாள். நாக்கு முழுக்க அவளுக்கே போய்விட்டது, எனக்குக் கிடைத்தது வாய் மட்டும்தான். 'ருசியாக இருந்தது' என்று நான் எழுதிவிட்டால் போச்சு, ருசின்னா என்ன அர்த்தம், வெண்ணெய் பழசா புதுசா, உப்பு தூக்கலா, அதைச் சொல்லாம என்னத்தை எழுதுற என்று உயிரை எடுப்பாள். கட்டுரையில் அவளுக்கு 'கூட வந்தவர்' என்று பெயர். கூட வந்தவர் என் புருஷன் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் பொருமிப் பொருமிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். கல்யாணமே ஆகாத எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம், மறைப்பானேன்.

எங்கள் இரண்டு பேருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நாங்களே போய் அனுபவித்ததை 'பார்த்தேன், குடித்தேன், படித்தேன்' என்று முடிப்பேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதை 'பார்க்கலாம், குடிக்கலாம், படிக்கலாம்' என்று முடிப்பேன். வாசகர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்கு அப்படியில்லை. முதல் வகைக்குத் தேன் என்றும் இரண்டாவதுக்கு லாம் என்றும் தங்கச்சிதான் பெயர் வைத்தாள். 'சாப்பிட்டேன்' என்பதில் தேன் எங்கேடி இருக்கிறது, டேன் அல்லவா இருக்கிறது என்று மடக்கினேன். அது கொஞ்சம் உறைஞ்சுபோன தேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வரும். "இந்த வாரம் தேனா, லாமா?" என்பாள். கூடவே வந்து தின்றுவிட்டுப் போனவளுக்கு அதில் என்ன சந்தேகம் என்று எரிந்து விழுவேன். அவளுக்கு அதைக் கேட்பதில் ஒரு குஷி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலையில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்குக்கூட ஒரு சின்ன பாட்டில்தான் அளவு. அந்த நாக்கை வைத்துக்கொண்டு அவள் உப்பில்லாத வேகவைத்த காய்கறியைத் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அப்போது தெரியும் வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று.

ஒரே ஒரு தடவை தனியாக ஒரு ஹோட்டலுக்குப் போனேன். சூப் வந்தது. இரண்டு வாய் குடித்தேன். இதில் என்ன குறை, என்ன நிறை என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் எங்கும் போகவில்லை. வாசகர் கடிதங்கள், விளம்பரத் தாள்கள், தெரிந்தவர்கள் போனில் சொல்வது, இவற்றை வைத்தே பக்கத்தை ஒப்பேற்றினேன். வாராவாரம் லாம். தங்கச்சி சனிக்கிழமை மெஷினோடு படுத்தபடி அதைப் படிப்பாள். போன் செய்து தேனா லாமா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

எங்கள் ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். யார் எழுதியதையும் வெட்டாமல் விட்டதில்லை. அந்த மனுஷன் ஒருநாள் கூப்பிட்டு, வர வர உங்கள் பக்கம் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கிறதம்மா, நீங்கள் இந்த இடத்துக்கெல்லாம் போகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையாயிற்றே, சுருக்கென்னாமல் என்ன செய்யும்? வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து மேசை டிராயரைக் கவிழ்த்தேன். தேதி போடாத ஒரு பழைய வாசகர் கடிதம் கையில் கிடைத்தது. நாலு மணி நேரப் பயணத்தில் ஓர் ஏரி, கரையில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற நாலே அறை கொண்ட விடுதி, கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் தெரியும், காலையில் சுடச்சுட ரொட்டி.

உட்கார்ந்து எழுதினேன். தங்கினேன், பார்த்தேன், கண்விழித்தேன், எல்லாம் தேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். பொய் சொல்ல ஆரம்பித்தால் கை எங்கே நிற்கிறது? 'முன்கூட்டிச் சொல்லிவைக்கத் தேவையில்லை. நான் சொல்லாமல்தான் போனேன், சிரித்த முகமாக அறை கொடுத்தார்கள்' என்று வேறு சேர்த்தேன். கூட வந்தவரை மட்டும் சேர்க்கவில்லை. அவள் மெஷினில் படுத்திருக்கும்போது அவளையே எப்படி ஏரிக்கரையில் உட்காரவைப்பது? கத்தரி முதல் தடவையாக ஒரு வரிகூட வெட்டாமல் போட்டார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கச்சி பக்கத்தை நாலாக மடித்து வயிற்றின்மேல் வைத்திருந்தாள். தேன் போட்டிருக்கியே என்றாள். ஆமாம் என்றேன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. மெஷின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். எப்போது போனாய், எப்படிப் போனாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே மாட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் குண்டைத் தூக்கிப் போட்டாள். வீட்டுக்காரரோடு அந்த ஏரிக்குப் போகப் போகிறாளாம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, ஞாயிறு கிளம்பி, ஓர் இரவு தங்கி, திங்கள் திரும்பிவிடலாம். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. இதயமும் தளர்ந்துகொண்டு வருகிறது, போவதானால் இப்போதே போய்விட்டு வாருங்கள், அப்புறம் என்னால் அனுமதிக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அதை அவள் என்னிடம் மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவைக்கா. அதை வீணாக்கக் கூடாதுல்ல. அதான் லாம் எதையும் தொடல. தேன்ல இருந்து எடுத்தேன்."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் அதற்குள் புதுத் தொப்பி வாங்கி வைத்திருந்தாள். வெயில் படக்கூடாதென்று அகலமான விளிம்பு. போட்டுக் காட்டினாள். மூன்று வருஷத்தில் அவள் கண்ணாடி முன்னால் நின்று நான் பார்த்தது அன்றுதான். வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டேன்.

நீயும் வாயேன் என்று கூப்பிட்டாள். மூன்று பேர் போக கார் இருக்கிறது, எனக்கு உன்னோடு போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். போயிருக்க வேண்டும். ஆனால் போனால் வழி கேட்பாள், எந்த அறை என்பாள், விடுதிக்காரி என்னைப் பார்த்து யார் நீங்கள் என்பாள். பக்கம் முடிக்க வேண்டும், கத்தரி உயிரை வாங்குகிறார் என்று சாக்குச் சொன்னேன். சரிக்கா என்றாள். கெஞ்சுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு வீட்டிலிருந்து பதினோரு தடவை போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மணி அடிக்கிறதே, அப்படியானால் இடம் இருக்கிறது, வயசானவர்கள், காது மந்தமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எதற்கும் பேசிவிட்டுப் போங்கள் என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் எலக்ட்ரீஷியன், சூதுவாது தெரியாத மனுஷன். நீங்கதானேக்கா சொல்லாம போனாலும் இடம் கிடைக்கும்னு எழுதியிருக்கீங்க என்றார்.

போனார்கள். திங்கள் சாயங்காலம் திரும்பினார்கள். செவ்வாய் டயாலிசிஸ் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, தெருப்பக்க அறை. கட்டிலில் சாய்ந்திருந்தாள், தொப்பி ஆணியில் தொங்கியது. மூக்கும் கன்னமும் வெயிலில் கன்றிப்போயிருந்தன. இவ்வளவு பெரிய தொப்பி போட்டும் இப்படியா என்று தோன்றியது, கேட்கவில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, ரொட்டி அவ்வளவு சூடு, விடுதிக்காரி அவ்வளவு தங்கமான பொம்பளை என்று சொல்லிக்கொண்டே போனாள். என் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது. கடவுளாகப் பார்த்துக் காப்பாற்றினார் என்று நினைத்தேன். அவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"வாசக் கதவு என்ன கலர்னு சொல்லு பாப்போம்."

"பச்சை," என்றேன். என் வாயில் எப்படி வந்ததோ தெரியாது.

அவள் என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"பச்சைதான்க்கா. பார்த்தேன்."

குருட்டாம்போக்கில் அடித்தது சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்கு அவித்த ஆப்பிளில் நாலு துண்டு ஊட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் வழியனுப்ப வருகிறேன் பேர்வழி என்று கீழே வரை வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விடவில்லை. சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை என்றார். அங்கே விடுதி இல்லையாம். நாலு சுவர் நிற்கிறதாம், கூரை இல்லை. மூடி ஆறு வருஷம் ஆகிறது என்று மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் சொன்னாராம். வாசல் இருந்த இடத்தில் நிலைச்சட்டம் மட்டும்தான், கதவே இல்லை. கரையில் ஒரு பாறைமேல் அவள் இரண்டு மணி நேரம் தொப்பியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாளாம். கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இரவு தங்கியிருக்கிறார்கள். அறைக்கு ஜன்னல் கிடையாதாம். அவ்வளவையும் சொல்லிவிட்டு அவர், நீங்க போனப்ப நல்லா இருந்திருக்கும், பாவம், அதுக்கப்புறம் இடிஞ்சிருக்கும்போல என்றார்.

ஆறு வருஷம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, என்மேல் பழி விழாமல் இருக்க அந்த மனுஷன் அப்படிப் பேசினார். திரும்பி மாடி ஏறினேன். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று ஏறினேன்.

அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கதவே இல்லையாமே என்றேன்.

"அவருக்கு வாயில எதுவும் தங்காது," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் போகவில்லை, போகாமலேயே எழுதினேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டு என்றேன். பேசும்போதே அழுதுவிட்டேன். பிறகு ஏன் பச்சை என்றாய் என்று கேட்டேன். நீ அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு கலர் சொன்ன, இல்லேன்னு சொல்ல மனசு வரல என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"நீ போகலைன்னு தெரிஞ்சப்ப எனக்கு நிம்மதியாத்தான்க்கா இருந்துச்சு. பேப்பர்ல தேன் பார்த்த அன்னிக்கு, என்னை விட்டுட்டுப் போயிட்டியேன்னு மெஷின்ல படுத்துட்டே அழுதேன்."

மூன்று வருஷமாக அவள் அந்த லாம்களை எதற்காகப் படித்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இனிமே லாமே போடு. லாம்னா நானும் வரலாம்ல."

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாள். ஏழு வாரமும் லாம்தான் எழுதினேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். மலைமேல் ஒரு டீக்கடை, மீன் வறுத்துத் தருகிற படகு, எதுவும் கற்பனை இல்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டவைதான். எங்கே உட்காரலாம், எதை முதலில் சாப்பிடலாம் என்று அவள் சொல்வாள். எட்டாவது வாரம் வியாழக்கிழமை, மெஷினில் படுத்திருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் விளம்பரம் மட்டும்தான் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரிக்குப் போனேன். தனியாகத்தான். பஸ் இரண்டு மாறி, கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தேன். நாலு சுவர் நின்றது. நிலைச்சட்டத்தில் பழைய பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, நீலம். பாறைமேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிட்டபோதே வந்திருக்கலாம். இந்த லாமுக்கு மட்டும் எங்கள் ஏற்பாட்டில் பெயர் இல்லை.

வந்து எழுதிக் கொடுத்தேன். கத்தரி படித்துவிட்டு, நீங்கள் நேரில் போய்வந்திருக்கிறீர்களே, 'போனேன், உட்கார்ந்தேன்' என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எழுதியபடியே இருக்கட்டும் என்றேன். இவ்வளவுதான் எழுதியிருந்தேன்: 'ஏரிக்கரையில் ஒரு பாறை இருக்கிறது. தங்க இடமில்லை, சாப்பிட ஒன்றும் கிடைக்காது. காலையில் போய்விட்டு மாலையில் திரும்பலாம். இரண்டு பேர் உட்காரலாம்.'