செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்குத் திறந்த வயிறு

மண்டல விற்பனை மேலாளரின் வயிறு தானாகப் பிளந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, மாத இலக்கைப் பற்றி அவர் முழங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில். தொப்புளிலிருந்து மேலே ஒரு சாண் நீளம். ரத்தம் தெறித்து முன்வரிசைப் பிரதிநிதியின் டீக்குள் விழுந்தது. இருந்த இருபது பேரும் குடலை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் விற்பவர்கள் என்பதால் யாரும் பெரிதாக அலறவில்லை. கையிலிருந்த சரக்கைப் பிரித்து ஆளுக்கு நான்கு பின் அடித்து மூடிவிட்டார்கள். அடுத்த செவ்வாய் அதே நேரத்துக்கு மறுபடியும் பிளந்தது.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். முதல் பிளவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கிலிருந்து அவசரமாக ஸ்டேப்ளர் கேட்டிருந்தார்கள். கிடங்கில் சரக்கில்லை, போட்டிக் கம்பெனிக்காரனோ வாசலிலேயே நின்றான். மேலாளர் தன் கார் டிக்கியில் கிடந்த டெமோ பீஸை எடுத்தார். டாக்டர்களுக்குச் செய்து காட்டவென்று ரப்பர் குழாயில் நூறு தடவை அழுத்தித் தேய்ந்த சாமான். 'டெமோவுக்கு மட்டும்' என்ற சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, புது உறையில் போட்டு உள்ளே அனுப்பினார். மேஜையில் கிடந்த லாரி டிரைவரின் குடலை அது வெட்டியது, தைக்கவில்லை. பத்து இருபதுக்கு அவன் செத்தான். உடம்பு தாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கம்பெனி விவரமானது. செவ்வாய்தோறும் மேலாளரை ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, பிளந்த வயிற்றைப் புது மாடலால் தைத்துக் காட்டியது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அவர் மனைவி, "சட்டை பாழாகுது, பழைய துண்டைச் சுத்திக்கிட்டுப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

செத்தவனின் அண்ணனும் லாரிக்காரன்தான். தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டு நாயாய் அலைந்தவனிடம், மேலாளர் கொடுத்தனுப்பிய ஸ்டேப்ளரின் உறையைப் பிரித்தபோதே கைப்பிடி தேய்ந்திருந்தது என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டாள். அடுத்த செவ்வாய், மேலாளர் கிளம்பும் முன்பே வீல் ஸ்பேனரோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தான். "என் தம்பி வயித்துல என்னத்தடா வச்ச?" முதல் அடியில் தாடை பெயர்ந்தது, அடுத்ததில் மூன்று விலா. "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று மேலாளர் பல்லோடு சேர்த்துத் துப்பினார். ஸ்பேனர் மண்டைக்கு ஓங்கியபோது மணி பத்து இருபது. வயிறு பிளந்தது. இத்தனை டாக்டர்கள் கண்ணிலும் படாத சிவப்பு ஸ்டிக்கர் குடல்மேல் ஒட்டியிருந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அப்போ தெரிஞ்சேதான் குடுத்திருக்க."

"ஆமா" என்றார் மேலாளர், முதன்முறையாக.

அண்ணன் வாய்விட்டு அழுதான். பிறகு, "நீ செத்துட்டா இதைக் கோர்ட்ல யாருடா சொல்றது?" என்று பல்லைக் கடித்தபடி, லாரியிலிருந்து தார்ப்பாய் தைக்கும் கோணி ஊசியைக் கொண்டுவந்து, மயக்க மருந்தில்லாமல் தைத்தான்.

மேலாளர் கோர்ட்டில் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒன்பது வருடம் கிடைத்தது. வயிறு பிளப்பது மட்டும் நிற்கவில்லை. செவ்வாய்தோறும் பத்து மணிக்கே அண்ணன் சிறை வாசலில் வந்து நிற்கிறான். கோபம் இன்னும் தீரவில்லை, நூலை வேண்டுமென்றே மெதுவாகத்தான் இழுக்கிறான். அவனுடைய செல்போனையும் சாவிக்கொத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் காவலர், கோணி ஊசியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.