இடது காலுக்கான பூட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி என் கையிலிருந்த போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, “கிளம்புங்க” என்றாள். எங்கே என்று கேட்டேன். “பூட்ஸ் வாங்கத்தான். மூணு வாரமா அந்தப் போனையே தடவிட்டிருக்கீங்க. என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல.” அதில் உண்மை இருந்தது. அவளைப் பார்த்த அன்றைக்கே சரி என்று சொன்னவன் நான். பூட்ஸ் விஷயத்தில் அப்படி வாயைத் திறக்க முடியவில்லை.

நான் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவன். காலை ஆறு மணி ஷிப்ட். வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, ரயில் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பத்தொன்பது வருடமாக மோட்டார் சைக்கிள்தான். வெயில், பனி, மழை என்று எதுவும் பார்த்ததில்லை. மழை வந்தால் மேலே கோட், கீழே பிளாஸ்டிக் பேன்ட், காலில் மட்டும் எப்போதும் போடுகிற ஷூ. முன்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் முழுக்க அதற்குள்தான் போகும். போய்ச் சேர்ந்ததும் சாக்ஸைப் பிழிந்து திரும்பவும் மாட்டிக்கொள்வேன். எட்டு மணி நேரம் ஈரத்தோடு நின்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். என்ன ஆகும் என்று இப்போது தெரியும்.

பம்ப் ஹவுஸில் ஐந்து பம்புகள். மீட்டரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். உள்ளே போய்த் தரையில் ஒரு நிமிஷம் நின்றாலே எது சரியில்லை என்று உள்ளங்கால் சொல்லிவிடும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் இன்ஜினியர் வந்து, “மூணாம் நம்பர் இந்த அதிர் அதிருதே, உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். நான் இடது காலில் எடையைப் போட்டு நின்றிருந்தேன். வலது காலுக்கு மாறினேன். தெரிந்தது, நன்றாகவே அதிர்ந்தது. மறுபடி இடது காலுக்கு வந்தேன். கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது. “இப்பதான் சார் ஆரம்பிச்சிது” என்று மழுப்பினேன்.

அந்த வாரமே சாக்ஸில் ரத்தம் பார்த்தேன். இடது காலில் சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெந்து கிழிந்திருந்தது. வலி என்று ஒன்று இல்லவே இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பது எட்டு வருடமாக ஊருக்கே தெரியும். காலில் இப்படி இறங்கும் என்று யாரோ சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவன்தான் நான். டாக்டரம்மா உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு மெல்லிய நைலான் இழையை வைத்துக் கால் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஈரம் ஆகவே கூடாது. இறுக்கமா எதுவும் போடக்கூடாது. அடிபட்டா உங்களுக்குத் தெரியாது, அதனால தினமும் கண்ணால பாக்கணும். வீட்டுல சொல்லிடுங்க. வண்டி ஓட்டறீங்களா?” எப்பவாவது என்றேன். வீட்டுக்கு வந்து, சேற்றுப்புண், களிம்பு கொடுத்திருக்கிறார் என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய். இரண்டுமே ரொம்பச் சுலபமாக வந்தன.

சொன்னால் வண்டி போகும். வண்டி போனால் வேலை போகும். இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருக்கிறது. இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் போட்டு அதுவும் மரத்துப்போயிற்று. பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்ப்பேன், பதில் வராது. நல்ல பூட்ஸாக ஒன்று வாங்கிவிட்டால் காலும் நனையாது, யாருக்கும் எதுவும் சொல்லவும் வேண்டாம் என்ற ஒரே யோசனை மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த மழை வருவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

அதனால்தான் மூன்று வாரம். தோலா, செயற்கைத் துணியா, ஜிப் வைத்ததா, கொக்கி வைத்ததா, கணுக்காலோடு நிற்பதா, முழங்காலுக்குப் பக்கம் வரை ஏறுவதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கியவர்கள் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன். பத்து நாளில் காலோடு பழகிவிட்டது என்று ஒருவர். விரல் நுனியில் கொஞ்சம் இடிக்கிறது என்று ஒருவர். இரண்டாவது மழைக்கே உள்ளே தண்ணீர் வந்துவிட்டது, ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார் இன்னொருவர். தண்ணீர் உள்ளே வந்ததை உடனே கண்டுபிடித்து, கோபமும் பட்டிருக்கிறார். கொடுத்து வைத்தவர். அவர் எழுதியதை நாலைந்து தடவை படித்தேன்.

கடைக்கு என் வண்டியில்தான் போனோம். பின்னால் அவள். கியர் விழுந்ததா என்று இப்போதெல்லாம் இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன், நெரிசலில் மட்டும் ஒரு முறை குனிந்து காலைப் பார்த்துக்கொள்வேன். “எதைத் தேடறீங்க கீழ?” என்றாள். செயின் சத்தம் வருதா என்று பார்த்தேன் என்றேன்.

ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கும் சின்னக் கடை. கடைக்காரர் என் வயதுக்காரர், கனத்த உடம்பு, அவரே ஒரு காலத்தில் தூரதூரமாக வண்டி ஓட்டியவராம். மதியத்துக்கு மேல் வந்தது நல்லது என்றார். காலையில் கால் சிறியதாக இருக்குமாம், அப்போது வாங்கினால் சாயங்காலம் கடிக்குமாம். என் மனைவி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நல்லா உழைக்கணும், தண்ணி போகக்கூடாது, தினமும் போடறதுக்கு” என்று எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் கறுப்புத் தோலில் ஒரு ஜோடியை எடுத்துவந்தார். “இந்த நாக்கைப் பாருங்க சார். ரெண்டு பக்கமும் உடம்போட சேத்துத் தச்சிருக்கு. சாதா பூட்ஸ்ல இந்த இடுக்கு வழியாதான் தண்ணி இறங்கும். ஜிப்புக்குப் பின்னால முழு மடிப்பு இருக்கு. இங்க, கியர் படற இடத்துல தனியா ஒரு தோல். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, மழைப் பேன்ட் பூட்ஸுக்கு வெளிய தொங்கணும். உள்ள திணிச்சீங்கன்னா எவ்வளவு ஒசந்த பூட்ஸா இருந்தாலும் மேல வழியா ரொம்பிடும்.” எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மூன்று வாரமாகப் போனில் தேடியது மூன்று நிமிஷத்தில் கிடைத்தது.

வலது பூட்ஸுக்குள் முனையில் திணித்திருந்த காகிதத்தை எடுத்துப் போட்டுவிட்டு, அவரே எனக்கு மாட்டிவிட்டார். நன்றாக இருந்தது, கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம்கூட இருந்தது. அதற்குள் வாசலில் யாரோ ஹெல்மெட் கண்ணாடி கேட்டு வந்ததால் எழுந்து போனார். இடது பூட்ஸை நானே மாட்டிக்கொண்டேன். ஜிப்பை ஏற்றினேன். கொக்கியைப் போட்டேன். எழுந்து கண்ணாடி வரைக்கும் நடந்தேன், திரும்ப நடந்தேன். மூலையில் ஸ்டாண்ட் போட்டு ஒரு பழைய வண்டி வைத்திருந்தார்கள். அதில் ஏறி உட்கார்ந்து, குனிந்து பார்த்துக்கொண்டே நாலைந்து தடவை கியரை ஏற்றி இறக்கினேன்.

“எங்கயாவது இடிக்குதா சார்?” என்று வாசலிலிருந்து கடைக்காரர் கேட்டார்.

“இல்ல. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. அளவெடுத்துத் தச்ச மாதிரி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அதுவும் இடது காலுக்கு அம்சமா உக்காந்திருக்கு” என்று சேர்த்துச் சொன்னேன்.

கழற்றி வைத்தேன். என் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் போர்வையும் விரிப்பும் மடிக்கிற கை. எந்தத் துணியைக் கண்டாலும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. இடது பூட்ஸை எடுத்து மடியில் வைத்து, முழங்கை வரை கையை விட்டாள். வெளியே எடுத்தபோது கையில் ஒரு காகித உருண்டை இருந்தது. உருண்டையாக இருந்தது என்று சொல்ல முடியாது, நசுங்கித் தட்டையாகி ஒரு பக்கம் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அதோடு ஒட்டிக்கொண்டு, ஈரம் உறிஞ்சுகிற குருணை போட்ட சின்னப் பொட்டலம் ஒன்று.

கடைக்காரர் பார்த்துவிட்டார். “என்ன சார், பேப்பரோடவா இவ்வளவு நேரம் நடந்தீங்க?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். வலது பூட்ஸிலிருந்து எடுத்துப் போட்ட உருண்டை தரையில் முழுசாகக் கிடந்தது, அதையும் பார்த்தாள். பிறகு நசுங்கியதைத் தன் பையில் வைத்து மூடிக்கொண்டு, “தாராளமா இருக்கட்டும், அடுத்த அளவு குடுங்க” என்றாள். அடுத்த அளவு வந்ததும் அவளே இரண்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். எனக்கு மாட்டிவிட்டு, முனையை விரலால் அழுத்திப் பார்த்து அவளே போதும் என்று சொன்னாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் ஏறவில்லை.

“எத்தன நாளா?”

“போன மழையிலேருந்து.”

“அந்த சேத்துப்புண்ணா?”

“ம்.”

“என்னையும் பின்னால உக்கார வச்சுக்கிட்டு.” இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “நான் பஸ்ல வரேன். நீங்க மெதுவா வாங்க.” அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டு உடைந்துவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பூட்ஸ் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கட்டிலில் என்னை உட்காரவைத்துக் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுவரைப் பார்க்கச் சொன்னாள். “ஒவ்வொரு விரலா தொடுவேன். எந்த விரல்னு சொல்லணும்.” சுவரில் போன வருட நாட்காட்டியை எடுத்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதையே பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏதாவது சொன்னால்தானே மரியாதை என்று, “கட்டைவிரல்” என்றேன்.

“இன்னும் தொடவே இல்லைங்க” என்றாள்.

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. அழுதாள், சத்தமில்லாமல், என் காலைப் பிடித்துக்கொண்டே. கண்ணீர் காலில் விழுந்தது. விழுந்தது கண்ணில் பட்டதுதான், காலில் தெரியவில்லை. நானும் அழ வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மூன்று விஷயம் சொன்னாள். டாக்டரம்மாவிடம் இந்த மாதக் கடைசிக்குத் தேதி வாங்குவாள், கூடவே வருவாள், முப்பத்தொரு கிலோமீட்டரையும் அவளே சொல்வாள். அதுவரைக்கும் தினமும் காலைப் பார்ப்பது அவள் வேலை. “மூணாவது, மழையில ஒரு நாள் உள்ள ஈரம் இருந்துச்சுன்னா அன்னைக்கே வண்டிச் சாவி என் கைக்கு வந்துடணும். டாக்டர் சொல்ற வரைக்குமெல்லாம் காத்திருக்க மாட்டேன்.” வேலை என்ன ஆவது என்று கேட்டேன். “கால் என்ன ஆவதுன்னு நீங்க கேட்டீங்களா?” என்றாள். சரி என்றேன். அவளுக்கு இரண்டாவது முறையாகச் சரி சொல்கிறேன்.

பதினோராம் நாள் மழை பிடித்தது. ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஆரம்பித்து வழி முழுக்க அடித்துப் பெய்தது. மழைப் பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே விட்டுத்தான் கிளம்பினேன். பாலத்துக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு வந்தது, வேகத்தைக் குறைத்துக் கடந்தேன். உள்ளே வருகிறதா என்று வழியெல்லாம் காலைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வலது காலுக்கு ஒன்றுமில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. இடது காலுக்கும் ஒன்றுமில்லை. அதன் ஒன்றுமில்லைக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

வாசலில் ஸ்டூல் போட்டிருந்தாள். உட்கார்ந்தேன். அவள் கொக்கியை எடுத்து, ஜிப்பை இறக்கி, இடது பூட்ஸைக் குதிகாலைப் பிடித்து உருவினாள். வெளியே தண்ணீர் சொட்டியது. ஈரமான கையை முதலில் துண்டில் துடைத்தாள், விரல் இடுக்கெல்லாம் ஒவ்வொன்றாக.

“வலதுல ஒண்ணுமே இறங்கல” என்று ஆரம்பித்தேன்.

“பேசாம இருங்க.”

பூட்ஸை மடியில் சாய்த்து வைத்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். சலவைக்கூடத்தில் போர்வையைப் பார்ப்பது போலப் புறங்கையைத் திருப்பித் தடவிக்கொண்டே முனை வரைக்கும் போவது தோளின் அசைவில் தெரிந்தது. அங்கே போய்க் கை நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் கால் நனைந்ததா இல்லையா என்று அவள் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.