ஒரு தடவைக்கு இரண்டு கேள்வி

திருப்பதியில் எம்.சி.ஏ. கடைசி அரையாண்டு தொடங்கியபோது, ஸ்வர்ணலதாவின் ஹாஸ்டல் அறையில் நாலு கட்டிலில் மூன்று காலியாகிவிட்டன. கூடப் படித்த பெண்கள் ப்ராஜெக்ட் செய்ய ஹைதராபாத்துக்குக் கிளம்பிப் போனார்கள். அண்ணன், மாமா, சித்தப்பா மகன் என்று எல்லோருக்கும் அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் ஆள் இருந்தது. அமெரிக்கா போகிற பேச்சுதான் அந்த வருஷம் எந்நேரமும். தமிழ்நாட்டு எல்லையோரம் வரதய்யபாளையத்துப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டுகிற முனிசாமியின் மகளுக்கு எந்த ஊரில் யார் இருக்கப் போகிறார்கள்?

அவளை யாரும் ஒதுக்கியதில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவளுக்குத் தெலுங்கில் பதில் சொல்ல வரும், அரட்டை அடிக்க வராது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும். அதனால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். இப்போது அதுவும் இல்லை.

துறைத் தலைவர் அவளைச் சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பினார். சீசனில் பழ வண்டிகள் அதன் வாசலில் ரோடு நெடுக நிற்கும். யார் முந்தி வந்தது என்று தினமும் சண்டை. வரிசைப்படி டோக்கன் போட ஒரு புரோகிராம் வேண்டுமாம். புரோகிராம் எழுதும் முன், அதை வைத்து வேலை செய்யப் போகிறவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பில் அதுதான் முதல் பாடம்.

அந்த ஆள் கேட் ரூமில் இருந்த ருக்மணி. நகரிக்காரி, நாற்பது வயசிருக்கும், புருஷன் இல்லை. மகள் பிரியங்கா பெங்களூரில் தையல் கம்பெனியில் இருந்தாள். ஸ்வர்ணலதா தெலுங்கில் ஆரம்பித்த கேள்வி முடிவதற்குள், "நம்ம பக்கத்துப் பொண்ணா நீ? இன்னா துன்ன காலைல?" என்றாள் ருக்மணி.

மாசியில் ஃபேக்டரி வெறிச்சோடிக் கிடந்தது. கேட் ரூமில் பேசிக்கொண்டிருக்க நேரம் ஏராளம். ஸ்வர்ணலதா பை நிறையக் கேள்விகளோடு போயிருந்தாள். இரண்டைக் கேட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பஸ் ஏறிப் போய் இன்னும் இரண்டு. டிராக்டருக்கும் லாரிக்கும் ஒரே வரிசையா? டயர் பஞ்சராகி நிற்கிற வண்டியின் டோக்கன் என்ன ஆகும்? பதிலுக்குக் கொஞ்ச நேரம், ஊர்க்கதைக்கு மிச்ச நேரமெல்லாம். திரும்பி வரும்போது பாகாலா தாண்டும்வரை மனசுக்குள் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும். ஹாஸ்டல் படியேறினால் அது அடங்கிவிடும்.

மே மாதம் கம்ப்யூட்டரைக் கேட் ரூமில் கொண்டுவந்து வைத்தார்கள். ருக்மணி இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். டோக்கன் ஒழுங்காக வந்தது, சண்டை நின்றது. ஸ்வர்ணலதா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

வண்டி வராத ஒரு இடைவேளையில் ருக்மணி திரும்பாமலே சொன்னாள்: "நீ ரெண்டு ரெண்டா கேட்டுக்கினு இருந்தது எனக்குத் தெரியும் கண்ணு. நானும் பாதிபாதியாத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

வெளியே ஹாரன் அடித்தது.

பிறகு வைவா, பரீட்சை. ஜூலைக் கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்தது. ஊரில் நைனா முனிசாமி காதில் போடுவதற்கு முன்பே, ருக்மணியிடம் சொல்ல அவள் சித்தூர் பஸ் ஏறினாள். கேட் ரூமில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலை நிமிராமல், "ஏ பண்டி?" என்று வண்டி விவரம் கேட்டான். வாட்ச்மேன்தான் விஷயத்தைச் சொன்னார். பிரியங்கா வந்து அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டாளாம். அதே தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையாம். விலாசம் அவருக்குத் தெரியாது. பெங்களூர் என்பது மட்டும் தெரியும்.

பழ வாடையில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பும் பஸ்ஸில் காணிப்பாக்கம் போய்வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் இருந்தது. மடியில் பேத்தியைத் தூங்க வைத்திருந்த அம்மாளிடம், தனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருப்பதாக ஸ்வர்ணலதா தெலுங்கில் சொன்னாள். கேட்காமலே சொன்னதில் அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். "சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு, வெயில் படாமல் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.