மஞ்சள் துணி கட்டிய இலுப்பை

ஸ்ரீநாத்துக்குப் பறவை என்றால் உயிர். மற்ற விஷயங்களில் விவரம் பத்தாது. இது அவன் மனைவி ஸ்வப்னா சொல்வது. தப்பென்று சொல்ல முடியாது. தெப்பக்குளம் பக்கத்தில் வீடு, தபால் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஞாயிறு விடிந்தால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் வண்டியை விட்டுவிடுவான்.

மலையடிவாரத்தில் ஒரு கண்மாய். அதன் நடுவில் தீவு போல ஒரு திட்டு. தண்ணீர் கிடக்கும்வரை ஆடு மாடுகூட அங்கே போக முடியாது. அதனால்தான் வேறெங்கும் வெட்டுப்பட்ட நாவலும் மருதமும் அத்தியும் அங்கே மட்டும் பிழைத்து நின்றன. தொண்ணூற்றொன்பது பங்குனியில் அங்கிருந்த பெரிய இலுப்பையின் பொந்தில் ஒரு ஜோடி இருவாச்சி கூடு வைத்தது. மலையில் இருக்கிற பறவை. இம்புட்டுத் தூரம் இறங்கி வந்ததே அதிசயம். அதில் பெட்டை பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசிக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் விடும். மாதக்கணக்கில் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் தாயும் குஞ்சும் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும்.

அந்த நேரம் பார்த்துக் கண்மாய் வற்றியது. கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த கருவேலத்தை ஏலம் எடுத்தவரின் ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். திட்டில் கை வைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியும் ஸ்ரீநாத்துக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் கிடந்த மஞ்சள் சுங்குடித் துணியைக் கொண்டுவந்து, பளிச்சென்று கண்ணில் படட்டும் என்று இலுப்பையைச் சுற்றிக் கட்டினான். பிறகு சித்திரைத் திருவிழா வந்தது. வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். மூன்று ஞாயிறு அவனால் அசைய முடியவில்லை.

மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று மதுரையில் பிறந்தவனுக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? அவனுக்குத்தான் அது தோன்றவே இல்லை.

நாலாவது ஞாயிறு போய்ப் பார்த்தால், மரத்தை யாரும் வெட்டவில்லை. ஆனால் கிளை முழுக்க மஞ்சள் துணி, குட்டிக் குட்டித் தொட்டில், வெண்கல மணி. திருவிழாவுக்குப் போன சனம் பாதி இங்கேயும் ஒரு எட்டு வந்து போயிருந்தது. கற்பூரப் புகை நேராகப் பொந்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆண் பறவை கரையிலிருந்த பனையில், அலகில் அத்திப்பழத்தோடு உட்கார்ந்திருந்தது. கிளம்பும், பாதி தூரம் வரும், மணிச் சத்தம் கேட்டதும் திரும்பிவிடும். இரண்டு மணி நேரத்தில் ஐந்து முறை அப்படித் திரும்பியது. ஸ்ரீநாத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மரத்தடியில் அகல் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள் ஜெயக்கொடி. முதல் தொட்டிலைக் கட்டியவள் என்பதால், அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். மகள் திவ்யாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இப்போது ஐந்தாம் மாதம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடாமல் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டு, விடியற்கருக்கலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். அன்று பத்தொன்பதாவது நாள்.

"அக்கா, அந்த முதல் துணி நான் கட்டினது," என்றான் ஸ்ரீநாத். "வேண்டுதல் இல்லை. மரம் வெட்டுறவங்களுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்."

ஜெயக்கொடியின் கை நின்றது. "அப்ப இங்க சாமி இல்லைங்கிறீகளா?"

அவன் பைனாகுலரைக் கழற்றி அவளிடம் நீட்டினான். பொந்தைக் காட்டினான். கீற்றில் ஒரு அலகு நுனி தெரிந்தது. வெளியே வந்தது, எதுவும் கிடைக்காமல் உள்ளே போனது.

"உள்ளே தாய் இருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கும். வாசலை அடைச்சுக்கிட்டதால வெளிய வராது. புருஷன் கொண்டுவந்து கொடுத்தாத்தான் சாப்பாடு. பனைமேல உட்கார்ந்திருக்கான் பாருங்க, நம்மளைப் பார்த்துப் பயந்துக்கிட்டு."

அவள் பனையைப் பார்த்தாள், பொந்தைப் பார்த்தாள். "காலங்காத்தால ஒருக்கா வருமே. நாலு நாளா அதுவும் வரலையே," என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நாலு நாளாத்தான் தம்பி, நான் இன்னுஞ் சீக்கிரமா வாரேன்."

அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. துணியையும் தொட்டிலையும் அவிழ்க்கச் சொன்னால் ஒரு சனமும் ஒத்துக்கொள்ளாது, கட்டியதை அவிழ்ப்பது அபசகுனம். ஸ்ரீநாத் அதை யோசித்துத் தலையில் கை வைத்து நின்றபோது, ஜெயக்கொடி எழுந்து போய் வேப்பங்கொப்பு ஒடித்து வந்தாள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் செருகுவதுபோல, திட்டுக்கு ஏறுகிற தடத்தில் இரண்டு பக்கமும் ஊன்றினாள். வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எல்லாரும் கரைக்குப் போங்க. மரத்துக்குள்ள ஒருத்தி பெத்துக் கெடக்கா. தீட்டு வீட்டுல யாராச்சும் கற்பூரம் கொளுத்துவாகளா, மணி அடிப்பாகளா? தீட்டுக் கழியட்டும், நானே கூப்புடுறேன்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். என்ன ஏதென்று கேட்க வந்த ஒரு கிழவரையும் பெண்களே கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

கடைசியாக ஜெயக்கொடி தன் விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை எடுத்துக்கிட்டுப் போய் வீட்டுல வச்சுக்கலாம். அணைக்க வேண்டாம்," என்றான் ஸ்ரீநாத்.

"இங்கதான ஏத்துறதாச் சொன்னேன். எடம் மாறினா மண்டலம் அறுந்துதான் போகும். ஒண்ணுல இருந்து ஏத்திக்கிறேன், போங்க." கையெடுத்துக் கும்பிட்டாள். பூவால் திரியை அமர்த்தி விளக்கைக் குளிர வைத்தாள். அறிவாளி மாதிரி ஊருக்கெல்லாம் பறவையைப் பற்றிப் பேசிய தன்மேல் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இருவரும் கரையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பனையிலிருந்து அது கிளம்பியது. பாதி தூரம் வந்து தயங்கியது. இந்த முறை திரும்பவில்லை. இலுப்பையில் போய் ஒட்டிக்கொண்டு, கீற்றில் அலகை நுழைத்தது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருந்தது.

ஜெயக்கொடி பைனாகுலரை இறக்கவே இல்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

"அம்புட்டையும் அவளுக்கே குடுத்துட்டான் தம்பி," என்றாள். "அவனும் நாலு நாளாப் பட்டினியாத்தான் இருந்திருப்பான் போல."

அவள் பைனாகுலரை அவன் மடியில் வைத்துவிட்டுச் சேலையை உதறி எழுந்தாள்.

"நான் கெளம்புறேன். வீட்டுல வாயும் வயிறுமா புள்ள தனியா இருக்கா. அவளும் இன்னும் சாப்புட்டிருக்க மாட்டா."