தும்புத்தடி கட்டிய வான்

அந்த ஞாயிற்றுக்கிழமை அருள்மலருக்குக் கிடைத்தது சைக்கிள் ரேஸில் எல்லாருக்கும் பின்னால் போகிற வானை ஓட்டும் வேலை. மற்ற நாட்களில் அவள் மிசிசாகாவில் ஒரு வான் கொம்பனிக்காக விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவள். ரேஸில் களைத்து விழுந்தவர்களையும் அடிபட்டவர்களையும் அள்ளிக்கொண்டு வருவதுதான் கடைசி வானின் வேலை. அதனால் பின்கதவில், கூட்டி அள்ளுகிறதுக்கு அடையாளமாக, ஒரு தும்புத்தடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சைக்கிள் ரேஸ்காரரின் வழக்கமாம்.

1996 செப்டெம்பர். சட்டசபையைச் சுற்றி, யூனிவேர்சிற்றி அவெனியூவால் இறங்கி, திரும்பவும் ஏறி வர வேண்டும். இருபது சுற்று. தெருவின் இரண்டு பக்கமும் இடுப்பளவு இரும்பு வேலி. பரிசு கொடுக்க மந்திரி ஒருவர் வருகிறார் என்று மேடையும் தொலைக்காட்சிக் கமராக்களும் தயாராக நின்றன.

அருள்மலரை அகதியாக ஏற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் இல்லாததால், நிரந்தரமாகத் தங்க விடும் லாண்டட் பேப்பர் மட்டும் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. அது வந்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் புருஷனையும் மகள் துர்க்காவையும் கூப்பிடலாம். விட்டுவிட்டு வரும்போது பிள்ளைக்கு நாலு வயது. இப்போது எட்டு. "பொலிஸ், கேஸ் எண்டு ஒண்டிலயும் மாட்டுப்படாமல் இருங்கோ" என்று குடிவரவு வக்கீல் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவார்.

ஒன்பதாவது சுற்றில் கொலேஜ் வீதி வளைவில் சீமோன் என்ற மொன்றியல்காரன் விழுந்தான். தோள் எலும்பு முறிந்திருந்தது. அவனை ஏற்றிப் பின்சீற்றில் சாய்த்துவிட்டு வானை எடுத்தாள். பக்கத்துச் சீற்றில் ரேஸ் நடுவர் எட்வேட் ரேடியோவைக் காதில் வைத்தபடி இருந்தார். சுற்று முடியும் இடத்தில் அம்புலன்ஸ் நிற்கிறது என்றார். ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப் பக்கம், தெருவைக் கடந்தால் போதும், கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வேலியில் வாசல் இல்லை.

முன்னால் போன சைக்கிள் கூட்டம் கண்ணில் இருந்து மறைந்ததும், இரண்டு பக்க வேலியாலும் ஆட்கள் குதித்தார்கள். முப்பது, நாற்பது பேர். வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் வெல்ஃபெயர் காசை அரசாங்கம் வெட்டியதற்கு எதிராக எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்குக் குறுக்கே கை கோத்து உட்கார்ந்தார்கள். அருள்மலர் பிரேக்கை அழுத்தினாள்.

"பின்னுக்கு எடு" என்றார் எட்வேட்.

பின்கண்ணாடியைப் பார்த்தாள். முன்னால் ஓடியவர்கள் சுற்றை முடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். நூறு சைக்கிள், அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள், குழுக்களின் கார்கள். எல்லாம் வானின் முதுகிலும் பக்கங்களிலும் வந்து முட்டாத குறையாக நின்றன. கதவை முழுதாகத் திறக்கவும் இடமில்லை. உள்ளே வெக்கை. தசைக்குப் பூசும் எண்ணெயின் காரமான மணம் மூக்கை அடைத்தது. சீமோன் பிரெஞ்சில் எதையோ முனகினான்.

ரேடியோவில் யாரோ கத்தினார்கள். எட்வேட் "சரி, சரி" என்றுவிட்டு அவளிடம் திரும்பினார்.

"மெதுவாக முன்னுக்கு விடு. வான் அசைந்தால் எழும்பிவிடுவார்கள்."

"ஆட்கள் இருக்கினம், சேர்."

"எழும்புவார்கள். விடு. இல்லாவிட்டால் உன் கொம்பனியோடு நான் கதைக்க வேண்டிவரும்."

அவள் பிரேக்கில் இருந்து காலை எடுத்தாள். வான் ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். மட்டைகள் ஆடின, சத்தம் கூடியது, ஒருவரும் எழும்பவில்லை. நடுவில் இருந்த பெண் ஒருத்தி இரண்டு உள்ளங்கைகளையும் வானின் முன் பானற்றில் வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

இராஜேஸ்வரி அக்கா. அருள்மலர் வாடகைக்கு இருக்கும் அஜின்கோர்ட் பேஸ்மென்டில் அடுத்த அறை. பக்டரியில் முதுகு பிடித்துக்கொண்ட பிறகு வெல்ஃபெயரில் இருக்கிறவ. காலமை ஏழு மணிக்கு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போறன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவ.

அருள்மலர் எஞ்சினை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஸ்டார்ட் பண்ணு!" என்றார் எட்வேட்.

"மாட்டன்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா!"

"மலரோ? நீ ஏன் உதுக்குள்ள?"

"வேலை அக்கா. உள்ள ஒருத்தருக்குத் தோள் முறிஞ்சு கிடக்கு. கொஞ்சம் விலத்துங்கோவன்."

இராஜேஸ்வரி பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "உனக்கு விலத்தினா உதுகள் அவ்வளவும் பூந்திடும். ஆளை இறக்கித் தா. நாங்கள் கொண்டுபோறம்."

அருள்மலர் அதை எட்வேட்டுக்குச் சொன்னாள். ஆளை இறக்கக் கூடாது என்று அவர் மறித்தார். சீமோன் நல்ல கையால் அவர் தோளைத் தட்டி, "என்னை இறக்கு" என்றான். மறியல்காரர் நாலு பேர் பக்கக் கதவைத் திறந்த மட்டில் திறந்து, அவனை மெல்ல வெளியே எடுத்து, தலைக்கு மேலால் வேலியைக் கடத்தினார்கள். ஐந்து நிமிஷத்தில் அவன் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய்விட்டான்.

வான் அங்கேயே நின்றது. ஒன்றரை மணித்தியாலம் நின்றது. ரேஸை நிறுத்தினார்கள். பொலிஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிப் போனது. இராஜேஸ்வரியை இரண்டு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள்.

ஒரு பொலிஸ்காரர் வானின் கண்ணாடிக்குள் குனிந்தார். "இவளோடு நீ கதைத்தாயாமே. தெரிந்தவளா?"

அருள்மலர் திறப்பை இன்னும் கைக்குள் பொத்தியிருந்தாள்.

"இல்லை. தமிழ் எண்டபடியால் கதைச்சனான். ஆளைத் தெரியாது."

இராஜேஸ்வரி நாலடி தூரத்தில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். முகத்தைத் திருப்பவில்லை.

திங்கள் பின்னேரம் இராஜேஸ்வரியைப் பொலிஸ் விட, வீட்டுக்கு வந்தாள். விலங்கு பூட்டிய மணிக்கட்டு இரண்டும் கன்றிப்போயிருந்தன. தேத்தண்ணி போட்டுக்கொண்டே, வேறு ஒருவரின் கதையைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். மற்றவர்களுக்கு வழிமறித்த குற்றம் மட்டும்தான். இவளுக்கு மேலதிகமாக ஒன்று: நின்றுகொண்டிருந்த வானில் பாய்ந்து அடித்தாளாம். எட்வேட் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்.

"வான் நிக்கேல்லையே அக்கா. நான் விட்டனான்."

"எனக்குத் தெரியும்."

"அப்ப நான்..."

"நான் உன்னட்டக் கேக்கேல்ல, மலர். உன்ர பேப்பர் அலுவல் எனக்குத் தெரியாதே? தேத்தண்ணியைக் குடி."

சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் அவளைப் போட்டு நெரித்தது. அந்தச் சின்ன பேஸ்மென்டில் குசினி ஒன்று, குளியலறை ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கா.

குடிவரவு வக்கீலுக்குப் போன் பண்ணினாள். சாட்சி சொல்வது குற்றமில்லை என்றார். ஆனால் தெரியாது என்று பொலிஸுக்கு ஒருதரம் சொல்லிவிட்டீர்கள், யாராவது அதைத் தூக்கிப் பிடித்தால் என்ன நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். கொழும்புக்குப் போன் எடுத்தாள். "வாயைத் திறக்காத, அருள்" என்றான் புருஷன். "நாங்கள் இஞ்ச காத்துக்கொண்டு இருக்கிறம், மறந்திடாத."

வெள்ளிக்கிழமை, இரண்டு விமானங்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில், இராஜேஸ்வரியின் வக்கீல் கந்தோருக்குப் போனாள். போகும் வழியில் இரண்டு தரம் வானைத் தெருவோரமாக நிற்பாட்டினாள். இரண்டு தரமும் திரும்பவும் எடுத்தாள்.

"வானை முன்னுக்கு விட்டது நான்" என்றாள் வக்கீலான அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம். "விடச் சொன்னது அவர். அவ இருந்த இடத்தை விட்டு அசையேல்ல. வான் வந்து முட்டப்போகுது எண்டுதான் கையை வைச்சவ." கொஞ்சம் பொறுத்து, "அவவை எனக்குத் தெரியும். ஒரே வீட்டிலதான் இருக்கிறம். பொலிஸுக்குப் பொய் சொன்னனான். அதையும் எழுதுங்கோ."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாள்.

அன்று பின்னேரம் இராஜேஸ்வரியிடம் சொன்னபோது, அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "விசரி. மூளை இருக்கோ உனக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் கனநேரம் ஓடியது.

ஜனவரியில் வானில் அடித்த குற்றத்தை வாபஸ் வாங்கினார்கள். அருள்மலர் சொன்ன பொய்யைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வான் கொம்பனி முதலில் கிழமைக்கு ஐந்து நாள் கூப்பிட்டது, பிறகு இரண்டு நாள், பிறகு கூப்பிடவே இல்லை. அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்யும் வேலை எடுத்தாள்.

அடுத்த கோடையிலும் லாண்டட் பேப்பர் வரவில்லை. ஏன் என்று கேட்டு மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் வந்தது ஒரே மறுமொழி: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

"நீ போய்ச் சொன்னதாலதான் எண்டு நினைக்கிறியோ?" என்று புருஷன் போனில் கேட்டான். கோபமில்லை. களைத்துப்போன குரல்.

அவளும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் பேப்பர் வந்திருக்குமா என்று சொல்லவும் ஒருத்தரும் இல்லை. போன் கார்ட்டில் இன்னும் பதினொரு நிமிஷம் மிச்சம் இருந்தது.

"பிள்ளையிட்டப் போனைக் குடுங்கோ" என்றாள்.