ஒன்பது வீட்டுத் தண்ணீர்

மண்ணைக் கிள்ளி எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். டீசல் வாசனை இல்லை. அடுத்த கன்றின் அடியில் கிள்ளினாள். அங்கும் இல்லை. மதியம் இரண்டு மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. குனியும்போது கழுத்தில் கிடந்த அளவு நாடாவின் முனை சேற்றில் தோய்ந்தது. அதைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது கன்றுக்குப் போனாள். மொத்தம் ஒன்பது கன்றுகள். ஐந்தில் இலைகள் மஞ்சளாகியிருந்தன.

அவள் தையல்காரி. தெருக்கடைசியில் ஒன்பது வீடுகள் கொண்ட மாடிக் கட்டடத்தில், தரைத்தளத்தில், ஜன்னலோரம் அவளுடைய மெஷின். ஜன்னலுக்கு நேர் எதிரே இந்த மனை. இங்கிருந்த பழைய வீட்டை நகராட்சி இடித்துப் பத்து வருடமாகிறது. அதன் பிறகு குப்பை சேர்ந்தது. ஒரு மூலையை மட்டும் அவள் கணவன் கூட்டிப் பெருக்கித் தன் பள்ளிக்கூட வேனை நிறுத்திக்கொண்டான். எட்டு வருடம் அது அவன் இடம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

பூங்கா யோசனை மேல்வீட்டு நர்ஸுடையது. மனு எழுதியதும் அவள்தான். கையெழுத்து வாங்கியது தையல்காரி. அளவெடுக்க வந்தவர்களிடமே கேட்டாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கடைசியாகக் கணவனிடம் நீட்டினாள்.

“படிக்கட்டு பல்ப மாத்தறதுக்கே ஒருத்தர ஒருத்தர் கேக்க மாட்டீங்க. இதுல மரம் வளக்கப் போறீங்களாக்கும்” என்றான். ஆனால் போட்டான்.

அவன் சொன்னதில் தவறில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நான்கு பல்புகள் இருந்தன. மற்றவர்கள் மாட்டப்போவதில்லை என்று நான்கு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொன்று மாட்டியவை. மாலையில் அந்த ஒரு திருப்பம் மட்டும் கல்யாண வீடுபோல் எரியும்.

நகராட்சியிலிருந்து பதில் வந்தது. மூன்று மாதம் தருகிறோம். பார்வையிட வரும் நாளில் ஆறு கன்றாவது உயிரோடு நிற்க வேண்டும். நின்றால் இடம் பூங்காவுக்கு, இல்லையென்றால் வண்டி நிறுத்துமிடத்துக்கு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லோரும் குப்பை அள்ளினார்கள். அவனும் அள்ளினான். கன்று நட்ட அன்று வேனை எடுத்துப்போய்ப் பழைய மில் சுவருக்குப் பின்னால் நிறுத்தினான். போகப் பதினைந்து நிமிடம், வரப் பதினைந்து நிமிடம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று பெயிண்டர் ஜன்னலுக்கு வந்தான். எந்நேரமும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் தெருவில் அவன் பெயர் பல்லி. கையில் ஒரு பேண்ட்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. செடி செத்தா யாருக்கு லாபம்னு பேசிக்கறாங்க.”

“யாரு பேசறா?”

“பொதுவா.”

“பொதுவான்னா நீயா?”

அவன் பேண்ட்டைப் பார்த்தான். “ஒரு இஞ்ச் கொறச்சா போதும்க்கா.”

நேற்றிரவு சாப்பாடு போடும்போது கணவனின் நகங்களைப் பார்த்தாள். எப்போதும்போலக் கறுப்பாக இருந்தன. டிரைவரின் நகத்தில் என்ன கண்டுபிடிக்க முடியும். இருபத்திரண்டு வருடம் அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த மனிதன். கேட்டிருக்கலாம். கேட்டு, டீசல் ஊற்றியது அவனாக இருந்தால், அதன்பிறகு தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது. செய்யாமல் இருந்திருந்தால், கேட்டதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது. அதனால்தான் கேட்காமல் மண்ணை முகர வந்திருந்தாள்.

ஐந்தாவது கன்றின் அடியில் ஒரு வாசனை வந்தது. டீசல் இல்லை. அவளுக்குத் தெரிந்த வாசனைதான். மழையில் நனைந்த துணியை யாராவது பையில் கட்டி, நான்கு நாள் கழித்துத் தைக்கக் கொண்டுவருவார்கள். பையைப் பிரித்ததும் இதுதான் வரும். விரலை மண்ணுக்குள் விட்டாள். எடுத்ததும் குழியில் நீர் ஊறி நின்றது. தண்டைப் பிடித்து லேசாக இழுத்தாள். தையல் விட்ட நூல்போலக் கன்று கையோடு வந்துவிட்டது. வேர்கள் பழுப்பாக இருந்தன. தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு உரிந்தது.

“அக்கா, புடுங்கறீங்களா?”

மேலே பால்கனியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்த முகம். தையல்காரி ஒரு கையில் கன்றும் ஒரு கையில் அளவு நாடாவுமாக நின்றாள். எப்படிப் பார்த்தாலும் அது நல்ல காட்சியாக இல்லை.

“கீழ வா” என்றாள்.

நர்ஸ் வந்தாள். இரண்டு பேரும் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தின் முன் நின்றார்கள். தண்ணீர் ஊற்ற நர்ஸ் கைப்பட எழுதிய முறைப் பட்டியல் அது. நாளுக்கு ஒரு வீடு, கன்றுக்கு ஒரு வாளி.

“இன்னிக்கி யாரு மொற?”

“மூணாம் நம்பர் வீடு.”

“நீ ஊத்துனியா?”

நர்ஸ் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டியூட்டி முடிஞ்சு வரப்ப செடிக்கு ஒரு வாளி. அவங்க எங்க ஊத்தப் போறாங்கன்னு நெனச்சேன்க்கா.”

“தெனமுமா?”

“தெனமுந்தான்.”

தையல்காரி கன்றைக் கீழே வைத்தாள். “நானும் தெனம் பத்து மணிக்கு ஊத்தறேன்” என்றாள்.

மாலையில் ஒன்பது வீட்டாரையும் மனைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர் ஆறு மணி நடைக்குப் போகும்போது. அவர் மனைவி, அவருக்குத் தெரியாமல், மதியம். பல்லி வேலைக்குக் கிளம்புமுன். “நான் ஒருத்தி இல்லைன்னா இதெல்லாம் எப்பவோ காஞ்சிருக்கும்னு நெனச்சிட்டிருந்தேனே” என்று ஓர் அம்மாள் சொன்னதும் சிரிப்பு கிளம்பியது. அவரவர் ஊற்றியதைச் சொல்லச் சொல்ல அது பெருகியது. யாரும் யாரையும் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் அது அன்றைய முறைக்காரர் என்று நினைத்திருந்தார்கள்.

அவள் கணவன் அப்போதுதான் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓரமாக நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

“அண்ணே, நீங்களும் உண்டா?” என்றாள் நர்ஸ்.

“காலைல வண்டி எடுக்கப் போறப்ப ரெண்டு கேன்.”

“எப்போலேருந்து?”

“மொத வாரத்துலேருந்து.”

 பிறகு அவன் பல்லியின் பக்கம் திரும்பினான். “ஏண்டா, எனக்குத்தான் லாபம்னு சொன்னியாமே.”

“பொதுவா சொன்னேண்ணே.”

மறுபடியும் சிரித்தார்கள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் மண்ணைத் தொட்ட விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“அவ்வளவு ஊத்தினாலும் மண்ணு குடிச்சிருக்கணுமே” என்றார் மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர். பல்லி தலையைச் சொறிந்தான். பிறகு, யாருக்கோ கடன்பட்டவன்போல மெதுவாகச் சொன்னான்: “இந்த வீட்டுக்கு நான்தான் கடைசியா வெள்ளையடிச்சேன். செவப்பு சிமெண்டுத் தரை. முகம் பாத்து தல சீவலாம், அவ்வளவு பளபளப்பு. சொவத்த இடிச்சாங்க. தரைய ஒடைக்கல, மேல மண்ணக் கொட்டி மூடிட்டாங்க.”

குழி தோண்டிய நாளில் இரண்டடியில் மண்வெட்டி இடித்தது எல்லோருக்கும் நினைவு வந்தது. பாறை என்று நினைத்து அதோடு நிறுத்தியிருந்தார்கள். கன்று நட்டதிலிருந்து ஒன்பது குடும்பமும் சேர்ந்து ஒரு தொட்டியை நிரப்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அதிகாரி வர எட்டு நாள் இருந்தது. பிடுங்கியது போக எட்டுக் கன்றுகள். அவற்றை மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டிச் சுவர் நிழலில் வைத்தார்கள். சாக்குகளை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். குழியில் நின்ற நீரை வாளி வாளியாக வெளியே இறைத்தார்கள். உள்ளே ஊற்றிய அதே வாளிகள். கணவன் கடப்பாரையோடு முதல் குழியில் இறங்கினான். சேற்றை ஒதுக்கியதும் அடியில் சிவப்புத் தெரிந்தது. பல்லி சொன்னது பொய்யில்லை, இன்னும் பளபளப்பு இருந்தது. அவன் இடித்தான். அவள் மேலே உட்கார்ந்து சில்லுகளைக் கூடையில் வாங்கினாள். மற்றவர்கள் தள்ளி, அடுத்த குழியில் இருந்தார்கள்.

“மண்ண மோந்து பாத்தியாமே” என்றான், தலை நிமிராமல். “மேல்வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு.”

“ஆமா.”

“என்ன வாசன வந்துச்சு?”

“அழுகல் வாசன.”

“அது வந்தது. நீ தேடுனது என்ன?”

அவள் கூடையில் இருந்த சில்லுகளை அடுக்கினாள். அடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

“டீசல்” என்றாள்.

அவன் தலையசைத்தான். இன்னும் இரண்டு முறை இடித்தான். கடப்பாரை ஒவ்வொரு முறையும் துள்ளித் திரும்பியது. பிறகு அதை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மொத நாள் மில்லுலேருந்து நடந்து வந்தேன் பாரு, கால் வலி, அன்னிக்கி நெனச்சேன். மறுநாள் காலைல கேன்ல டீசல் எடுத்துக்கிட்டுக்கூட வந்தேன்.”

அவள் கை நின்றது. “அப்புறம்?”

“செடி இவ்வளவூண்டு இருந்துச்சு.” முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினான். “திரும்பப் போய் டேங்குலயே ஊத்திட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அதுக்கு மறுநாள்லேருந்து தண்ணி.”

“அதனாலயும்தான் செத்துச்சு.”

“அது ஒம்போது பேரு சேந்து சாகடிச்சது. என் தலைல கட்டாத.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளாக வராதது. புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள், முகமெல்லாம் சேறானது. அவன் பார்த்துவிட்டு மறுபடியும் ஓங்கினான். இந்த முறை கடப்பாரை திரும்பவில்லை. உள்ளே இறங்கியது.

அவன் அதை அசைத்து அசைத்துப் பெரிதாக்கினான். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் துளை. அடியில் கறுத்த, பழைய மண். கையைப் பிடித்து அவனை மேலே ஏற்றினாள். சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள்.

“ஊத்திப் பாப்போம்” என்றாள் நர்ஸ்.

ஒரு வாளி ஊற்றினார்கள். நீர் துளையை மூடிக் குழியின் அடியில் பரவி நின்றது. அசையவில்லை. சுற்றிலும் முழங்காலில் கைவைத்துக் குனிந்த முகங்கள் அதில் தெரிந்தன. யாரோ பழக்க தோஷத்தில் இன்னொரு வாளிக்குக் கையை நீட்ட, பக்கத்திலிருந்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரோரத்தில் எட்டு சாக்குகளும் வரிசையாக நின்றன. நான்கில் இன்னும் பச்சை இருந்தது. மற்ற நான்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

மஞ்சள் இலை ஒன்று நீரின்மேல் விழுந்து கிடந்தது. அது மெல்லத் திரும்பியது. நின்றது. மறுபடியும் திரும்பியது. அடியில் எங்கோ, தொண்டை விழுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. முகங்கள் நீளமாகி, கோணலாகி, ஒன்றோடொன்று கலந்தன. இலை வட்டம் போடத் தொடங்கியது, முதலில் அகலமாக, பிறகு குறுகலாக.