விடும்மா

அந்த விண்வெளிப் போர்க்கப்பலில் முதலில் "சுடு" என்பதுதான் உத்தரவாக இருந்தது. கேப்டன் ஒலிபெருக்கியில் அதைச் சொன்னதும் கற்றை அறையில் இருப்பவள் விசையை அழுத்துவாள். ஒருநாள் சமையல்காரர் அதே ஒலிபெருக்கியில், "சுடு தண்ணி வந்தாச்சு, வந்து பிடிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். முதல் சொல் காதில் விழுந்ததுமே விசை அழுந்திவிட்டது. நல்லவேளை, எதிரே வெட்டவெளிதான் இருந்தது. அன்றிலிருந்து சமையல்காரருக்குப் பீரங்கி என்று பெயர் வந்தது. உத்தரவும் "விடு" என்று மாறியது. அம்பை விடுவதுபோல இதையும் விடலாம் என்று நினைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அவசரப்பட்டு அழுத்தியவள் ஊசி. குறி தப்பாதவள் என்பதால் அந்தப் பெயர்.

கற்றை அறை கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. வாலிலிருந்து மூக்கு வரை ஒரு நீண்ட குழாய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் காந்தங்கள் விரட்டிக்கொண்டு போகும்; அந்தத் துகள் ஓட்டம்தான் கற்றை, கப்பலின் ஆயுதம். அந்தத் துகள்களில் மின்னேற்றம் இருக்கும். அப்படியே வெளியே விட்டால் பக்கத்திலிருக்கும் கிரகத்தின் காந்தம் அவற்றை வளைத்து வேறெங்கோ கொண்டுபோய்விடும். அதனால் குழாயின் வாயில் மெல்லிய வாயுவைத் திறந்து மின்னேற்றத்தைப் போக்குவார்கள். அதன்பின் கற்றை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும்.

அந்த வாயுவைத் திறந்து மூடுகிற வேலையில் முன்பு இருந்தவன் ஊசியின் தம்பி. போன சண்டையில் எதிரியின் கற்றை இந்த அறை வழியாகப் போனது. சத்தமில்லை, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. "அக்கா, நாக்குல இரும்பு மாதிரி ருசிக்குது" என்று மட்டும் அவன் சொன்னான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மிச்சக் கற்றையைக் கொட்டுவதற்காக அறையில் வைத்திருந்த பெரிய கரிப்பாளத்தின் மறைவில் உட்கார்ந்திருந்ததால் ஊசி பிழைத்தாள்.

தம்பியின் வேலைக்கு நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். வாயுவோடு புழங்குகிறவர் என்பதால் மூச்சு என்று அழைத்தார்கள். வாய் ஓயாத மனிதர். ஆனால் வந்த அன்றே சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து போட்டுக்கொண்டார். அங்கே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "அது தம்பி இடம். இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து ஊசி அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினாள்.

தம்பியைக் கொன்ற அதே கப்பல் மறுபடி எதிர்ப்பட்டது. இந்த முறை இவர்கள் முந்திக்கொண்டார்கள். முதல் கற்றையிலேயே அதன் எஞ்சின் செத்துப்போய், அந்தக் கப்பல் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. ஆனால் அதன் குழாய் வாயில் மங்கிய வெளிச்சம் தெரிந்தது. ஊசி அடுத்த கற்றையைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது; கேப்டனின் குரல்.

"விடும்மா."

அதோடு அது அணைந்துபோனது. எவ்வளவு தட்டியும் உயிர் வரவில்லை.

"உத்தரவு வந்தாச்சு" என்றாள் ஊசி.

"வந்தாச்சு. என்ன உத்தரவுன்னுதான் புரியலை" என்றார் மூச்சு.

"காது அடைச்சுப்போச்சா அண்ணே? விடுன்னாங்க."

"விடும்மான்னாங்க. நானும் பீரங்கியும் உப்பு பத்தலைன்னு அடிச்சுக்கும்போது, 'விடுப்பா, பாவம்'னு சொல்வாங்களே, அந்தக் குரல்."

"சண்டை நடுவுல சமாதானமா பேசுவாங்க?"

"சண்டை நடுவுல அம்மான்னு கூப்பிடுவாங்களா?"

ஊசி குறிக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "அவன் குழாய் வாயில வெளிச்சம் இருக்கு. அடுத்த கற்றையை நிரப்பிக்கிட்டு இருந்தான்னா நாம எல்லாருமே போயிடுவோம்."

"ஆமா."

"என் தம்பியைக் கொன்னவன் அவன்."

"ஆமாம்மா."

மூச்சு வாயுத் திருகைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்: "நான் இந்த வாயுவை மூடிட்டா உன் கற்றை வளைஞ்சு எங்கேயோ போயிடும். உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. மூடலை. திரும்பிப் பாரு, திறந்துதான் இருக்கு. உன்னை ஏமாத்த எனக்கு மனசு வரலை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் எதிரிக் கப்பலின் அடிவயிறு தெரிந்தது. அங்கேயும் ஒரு குழாய், அதன் வாயருகே ஒரு ஆள். விசையை அழுத்தினால் அங்கேயும் சத்தம் இருக்காது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, நாக்கில் ஏதோ ருசிக்கிறது என்று அந்த ஆள் சொல்வார்.

ஊசி விசையிலிருந்து கையை எடுத்தாள். கற்றையைத் திருப்பிக் கரிப்பாளத்தில் கொட்டினாள். கரி சிவந்தது; குளிர்ந்துகிடந்த அறையில் சூடு பரவியது. இருவரும் எதிரியின் கற்றைக்காகக் காத்திருந்தார்கள். மூச்சு கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எதுவும் வரவில்லை. படியில் காலடி கேட்டது. கேப்டன் விளக்கோடு இறங்கி வந்தார்.

"அவங்க கற்றையைக் கரியில கொட்டிட்டாங்க" என்றார். "குழாய் வாயில நாம பார்த்த வெளிச்சம் அந்தக் கரிதான். இப்ப விளக்கைக் காட்டி உதவி கேட்கிறாங்க." சிவந்திருந்த கரியைப் பார்த்தார். "நீ ஏன் விடலை?"

"விடத்தானே செஞ்சேன், கேப்டன்? விடும்மான்னீங்க."

கேப்டன் விளக்கைக் கீழே வைத்தார். "அம்மான்னா சொன்னேன்?"

"ஆமா" என்றார் மூச்சு. "நானும் கேட்டேன்."

"சுடத்தான் சொன்னேன்" என்றார் கேப்டன். "தம்பியைப் பறிகொடுத்தவகிட்ட அந்தச் சொல்லை வெறுமனே சொல்ல வாய் வரலை போலிருக்கு." கரிப்பாளத்தின் அருகே அவர் மெல்ல உட்கார்ந்தார். "இன்னைக்கு எத்தனை பேரைக் கொல்ல இருந்தேன்!"

ஊசியின் மேல் வைத்த இரக்கத்தில் வந்தது அந்த 'ம்மா'. மின்னேற்றம் போகாத கற்றைபோல அது வழியில் வளைந்து, கேப்டன் நினைத்தே பாராதவர்கள் மேல் போய் விழுந்தது. ஆண்டவன்தான் வளைத்தார் என்று நான் நம்புகிறேன். மனிதர்களின் சின்ன அன்பை அவர் நாம் குறிவைத்த இடத்தோடு நிறுத்துவதில்லை.

மேலிருந்து பீரங்கியின் குரல் கேட்டது. ஒலிபெருக்கி இல்லாததால் தொண்டை கிழியக் கத்தினார். "எத்தனை பேர் வர்றாங்க? சுடு தண்ணி வைக்கணும்! ஊசி, எதையும் அழுத்திடாதே தாயே!"

மூச்சுக்குச் சிரிப்பு வந்தது. கேப்டனுக்கும் வந்தது. ஊசி சிரிக்கவில்லை. எழுந்து, தம்பியின் நாற்காலியைத் துடைத்தாள்.

"அதை எங்கேம்மா தூக்குற?" என்றார் மூச்சு.

"மேலதான். வர்றவங்கள்ல நிக்க முடியாதவங்க இருப்பாங்க அண்ணே. ஒரு பக்கம் பிடிங்க."